ஜாபிதாவில் வந்த முப்பத்தெட்டுப் பேர்

1955-ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, பிறக்கவே பிறக்காத முப்பத்தெட்டுப் பேர் போடிமெட்டுப் பக்கமிருந்து மலைச்சரிவில் இறங்கி வந்து, தும்பைப்பாறை ஊர்க் கிணற்றடியில் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். பத்தொன்பது ஆண்கள், பத்தொன்பது பெண்கள். மூட்டை முடிச்சு இல்லை, குழந்தை குட்டி இல்லை. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு எண்ணைச் சொன்னார்கள். முதல் ஆள் நானூற்று அறுபத்து மூன்று என்றான், கடைசியில் நின்ற பெண் ஐந்நூறு என்றாள். எண்களைக் கேட்டு ஊர் சிரித்தது. கிராம முன்சீப் கன்னையன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த எண்களை எழுதியவர் அவர்தான்.

தும்பைப்பாறை அப்போது நானூற்று அறுபத்திரண்டு பேர் உள்ள ஊர். முந்தலில் மலை ரோட்டை விட்டுப் பிரிகிற பாதையில் நாலு மைல் நடக்க வேண்டும், நடுவில் ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடை நினைத்தால்தான் ஊர்க்காரன் போடிக்குப் போகலாம். சீக்காளியைக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கிப் போவார்கள். பாதிப் பேர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவார்கள், பாதிப் பேரை அதே கட்டிலில் திருப்பிக் கொண்டுவருவார்கள். கன்னையனின் மனைவி மருதாயி, வயிற்றுப் பிள்ளையோடு, 1951-இல் ஓடைக்கு இந்தப் பக்கமே போய்விட்டாள். அன்றிலிருந்து கன்னையனுக்கு ரோடு ஒன்றுதான் யோசனை. தேசிய அபிவிருத்தித் திட்டம் என்று வந்து, கிராமங்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்கலாம் என்று தண்டோரா போட்டபோது, மற்ற ஊர்கள் கூட்டம் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருக்க, கன்னையன் மறுநாளே வெள்ளைத்தாள் வாங்கிவிட்டார்.

மனு எழுதுவது லேசான சோலி இல்லை. ஊர்த் தீர்மானம், வரைபடம், ஓவர்சீயர் மதிப்பீடு, தேவைக்கான காரணம், ஊரார் தரப்போகும் உடலுழைப்பு, இதெல்லாம் போகப் பயன்பெறுவோர் ஜாபிதா என்று ஒரு பெயர்ப்பட்டியல். ஜாபிதாவில் வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், இடது கைப் பெருவிரல் ரேகை என்று ஆறு கட்டம். ஐந்நூறு பேருக்குக் குறைந்த ஊருக்கு ரோடு கிடையாது என்று சட்டம். கன்னையன் நானூற்று அறுபத்திரண்டு பேரை எழுதி முடித்துவிட்டு, ஒரு பகல் பூராவும் யோசித்து, மீதி முப்பத்தெட்டையும் எழுதினார். அவருக்குக் கற்பனை கம்மி. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற அஞ்சாறு பேரையே தகப்பன் பேராகத் திரும்பத் திரும்பப் போட்டார். வயது எல்லாம் இருபது, இருபத்தைந்து, முப்பது என்று முழு எண்கள். தொழில் கட்டத்தில் எல்லாருக்கும் கூலி. ரேகைக் கட்டத்தில் முப்பத்தெட்டுக்கும் தன் விரலையே மசியில் தோய்த்து வைத்தார். அது ஒரு பொய்தான், ஆனால் ஊர் முழுக்க வேண்டிய பொய் என்று அவர் தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

கிணற்றடியில் நின்றவர்களின் இடது பெருவிரலில் ஒரே மாதிரி அரிவாள் வெட்டுத் தழும்பு இருந்தது. கன்னையனின் விரலில் இருந்த அதே தழும்பு. அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தங்களைப் பற்றி ஜாபிதாவில் இருந்ததுதான் தெரியும், இம்மிகூட அதிகம் தெரியாது. பேர் தெரியும், தகப்பன் பேர் தெரியும், வயது தெரியும், கூலி வேலை தெரியும். ஆளுக்குப் பத்து நாள் உடலுழைப்பு தருவதாக மனுவில் எழுதியிருந்ததால், மறுநாள் காலையில் கடப்பாரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாதை வெட்டப் போனார்கள். பத்து நாள் வெட்டிவிட்டுப் பதினோராம் நாள் கடப்பாரையை வைத்துவிட்டார்கள். அதே மனுவில் கைநாட்டு வைத்த ஊர்க்காரர்களில் ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊருக்கு அவர்கள் வந்தது பெரிய விஷயமாக இல்லை. குடிசை போட இடம் கொடுத்தார்கள், முந்தலிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் அவர்களையும் ஏற்றிவிட்டார்கள். முறை தெரியாததுதான் தொந்தரவாகிவிட்டது. ஜாபிதாவில் தாயார் பெயருக்குக் கட்டம் இல்லை. தாய் இல்லாதவனுக்குத் தாய்மாமன் இல்லை. தாய்மாமன் இல்லாதவன் யாருக்கு மச்சான், யாருக்குப் பங்காளி என்று எதை வைத்துச் சொல்வது? தும்பைப்பாறையில் முறை சொல்லாமல் ஒருவனிடம் நெருப்புக்குச்சி வாங்க முடியாது, சண்டைகூடப் போட முடியாது. ஆகவே எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டில் அவர்களைப் பெண் வீட்டுப் பக்கம் உட்காரவைப்பதா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா என்று தெரியாமல் வாசலிலேயே பந்தி போட்டார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தாள். கஞ்சி கொண்டுபோகிற கடமை யாருக்கு என்று விளங்காததால் யாரும் கொண்டுபோகவில்லை. அது அநியாயம்தான். ஊருக்கும் அது தெரியும்.

மனு அபிவிருத்தி ஆபீஸுக்குப் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நானூற்று அறுபத்தாறும் நானூற்று எண்பத்தொன்றும் ஒரே பேர், ஒரே தகப்பன், ஒரே வயது, இரட்டைப் பதிவு, ஒன்றை அடிக்கவும் என்று குறித்திருந்தார்கள். இரண்டுமே பால்சாமி. கன்னையன் அசதியில் செய்த தப்பு. சிவப்பு மசி தொட்டு நானூற்று எண்பத்தொன்றை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்த நேரத்தில் எலுமிச்சைத் தோப்பில் கூடை சுமந்து வந்துகொண்டிருந்த பால்சாமி இல்லாமல் போனான். கூடை மட்டும் விழுந்து பழம் உருண்டது. கூடவே வந்துகொண்டிருந்த இன்னொரு பால்சாமி பழத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதான். அதே தாளில், எல்லாரும் கூலி என்பது நம்பும்படி இல்லை, தொழிலைச் சரிபார்க்கவும் என்று இன்னொரு குறிப்பு. கன்னையன் பயந்து பயந்து அன்னக்கொடி என்ற ஒருத்திக்கு மட்டும் கூலியை அடித்துத் தையல் என்று எழுதினார். அன்று மதியமே அவளுக்கு ரவிக்கை வெட்டத் தெரிந்துவிட்டது. ஆனால் முந்தின நாள் வரை பாத்தி கட்டிய கை மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்றது. அடித்து எழுதினால் அடித்தது போய்விடும் என்பதை ஊர் அப்படித்தான் தெரிந்துகொண்டது. கன்னையன் அதன் பிறகு ஜாபிதாவைத் தொடவில்லை. கடைசி வரிசை எண் ஐந்நூறாகவே நின்றதால், ஒன்று குறைந்ததை ஆபீஸ் எண்ணிப் பார்க்கவில்லை. ஆபீஸ் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டு, மனுவைச் சாகவிடாமலும் முடியவிடாமலும் இரண்டு வருஷம் ஓட்டினார்.

கன்னையனின் தங்கை மொக்கம்மாள் அப்போது அண்ணன் வீட்டில் இருந்தாள். புருஷன் ஏலத்தோட்டத்துக் காய்ச்சலில் போய் ஆறு வருஷம். தோட்டத்தில் அவளோடு ஒரே பாத்தியில் வேலை பார்த்தவன் நானூற்று எழுபத்தேழு. அவள் எண்ணைச் சொல்லவில்லை, காசிமாயன் என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தன் பேரை வேறொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவன் பிற்பாடு சொன்னானாம். முறை இருந்தால்தானே முறை தப்பு என்று சொல்ல முடியும்? 1957 தை மாதம் கோயிலில் வைத்து மஞ்சள் கயிறு கட்டினான், ஊர் கூடி நின்று பார்த்தது. கன்னையன் அவன் பெருவிரலையும் தன் பெருவிரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வாங்க மாப்ளே" என்றார். ஜாபிதாவில் வந்தவர்களில் முறை சொல்லிக் கூப்பிடப்பட்ட முதல் ஆள் அவன்தான்.

1958 ஆடியில் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மலையடிவார ஊர்களுக்கு ஐந்நூறு பேர் வேண்டாம், நானூறு போதும். தும்பைப்பாறை ரோடு அநேகமாகக் கிடைத்த மாதிரிதான். ஆனால் ஜாபிதாவில் உள்ள ஒவ்வொரு பேரையும் அதிகாரி நேரில் வந்து பிறப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார், ஒரு பேர் ஒத்துவராவிட்டாலும் மனு தள்ளுபடி. பிறப்புப் பதிவேடு முன்சீப் கையில்தான் இருந்தது. அதில் நானூற்று அறுபத்திரண்டுக்கு மேல் ஆளைக் காட்ட வழி இல்லை. முப்பத்தேழு பேரையும் விட்டுவிட்டுப் புதிதாக ஜாபிதா எழுதினால் ரோடு வரும், அவர்கள் போய்விடுவார்கள். எழுதாவிட்டால் அவர்கள் இருப்பார்கள், கட்டிலும் ஓடையும் இருக்கும். சிலமலைக்கும் ராசிங்காபுரத்துக்கும் போய் அங்கே பிறந்ததாகச் சான்று கிடைக்குமா என்று கேட்டார். அந்த ஊர் முன்சீப்புகள் நல்ல மனிதர்கள், காப்பி வாங்கிக் கொடுத்து வழியனுப்பி வைத்தார்கள். மொக்கம்மாள் அப்போது நாலு மாதம். முதல் பேறு, முப்பது வயது. மருதாயியைத் தூக்கிப் போன கட்டில் இன்னும் மாட்டுக் கொட்டத்தில்தான் நின்றது.

புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊர் கூடியது. சோலை என்ற சம்சாரி முதலில் பேசினார், வெளியாட்களுக்காக ஊர்ப் பிள்ளைகளைக் காவு கொடுப்பதா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அவருடைய மகளுக்கு மாதம் தவறாமல் இழுப்பு வரும். அப்போது காசிமாயன் எழுந்து நின்றான்.

"எங்க பேர விட்டுட்டு எழுதுங்கய்யா. நாங்க வந்ததே ரோட்டுக்குத்தான. ரோடு வந்தாச் சரி."

மற்ற முப்பத்தாறு பேரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து இருளம்மாள், மூன்று பிள்ளைகளை ஏழு நாள் தாண்டும் முன்பே பறிகொடுத்தவள், முன்சீப்பைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பு, அந்தப் பதிவேட்ல எம்புள்ளைக மூணு கெடக்கே, பேரு வைக்காம. அந்த எடம் சும்மாத்தான கெடக்கு?"

உண்மைதான். பேர் வைக்கும் முன்பே இறந்த பிள்ளைகள் பதிவேட்டில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று மட்டும் இருந்தார்கள். பெயர்க் கட்டம் வெற்றாகக் கிடந்தது. பிறந்த நாள் இருந்தது, தகப்பன் இருந்தான், முக்கியமாகத் தாய் இருந்தாள். இறப்புப் பதிவேடு வேறு புத்தகம், அதை அதிகாரி கேட்கவில்லை. அடிக்க வேண்டியது ஒன்றும் இல்லை, எழுத வேண்டியதுதான். 1920-இலிருந்து இருபது வருஷத்துப் பதிவேடுகளைப் புரட்டியதில் நாற்பது இடம் தேறியது. அடுத்த மூன்று நாள் தும்பைப்பாறைப் பெண்கள் முன்சீப் வீட்டு வாசலில் வரிசையில் நின்று ஆளுக்கொரு பிள்ளையைப் பெற்றுக்கொண்டார்கள். செத்துப்போன தாய்மார்களுக்கு வீட்டார் வந்து சம்மதம் சொன்னார்கள். தகப்பன் பேர் ஒத்துவருகிற இடமாகப் பார்த்துக் கொடுத்தார்கள், வயது ஒன்றிரண்டு முன்னே பின்னே போனதை ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை. தையல்காரி அன்னக்கொடிக்கு இருளம்மாள் தாயானாள், பால்சாமிக்கும் அவளே. பேர் மாறாததால் ஆளும் மாறவில்லை, தாய் மட்டும் வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஊரில் முப்பத்தாறு புது மருமகன், மருமகள், மச்சான், கொழுந்தி இருந்தார்கள். அன்றே இரண்டு சண்டை நடந்தது, இரண்டிலும் சரியான முறை சொல்லி வைதார்கள்.

மிச்சம் காசிமாயன். பதிவேட்டில் இன்னும் நாலு இடம் வெற்றாகக் கிடந்தது, நாலும் கன்னையனுக்குப் பங்காளி வீடுகள். அங்கே பிள்ளையாக எழுதினால் காசிமாயன் மொக்கம்மாளுக்கு அண்ணன் ஆகிவிடுவான், அவள் வயிற்றில் இருப்பதற்குப் பேர் சொல்ல முடியாமல் போய்விடும். மொக்கம்மாளுக்கு அத்தை முறை ஆகிறவள் வீட்டில்தான் அவன் பிறந்திருக்க வேண்டும். மற்ற அத்தைமார் வீட்டு இடங்கள் முதல் நாளே போய்விட்டன, அவரவர் அவசரத்தில் யாரும் இதை யோசிக்கவில்லை. இனி ஒரே ஒரு அத்தைதான் பாக்கி, ஜக்கம்மாள். அவளுக்குப் பதிவேட்டில் இருந்தது ஒரே வரி, அதில் பேரும் எழுதியிருந்தது. சின்னமுத்து, 1936-இல் பிறந்தவன், பதினேழு வயதில் காலில் பாம்பு தீண்டி ஓடைக்கரைக் கட்டிலில் முடிந்துபோனவன். ஜக்கம்மாளும் கன்னையனும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ரோட்டு மனுவில் தேவைக்கான காரணம் என்ற இடத்தில் தன் மகன் பேரை எழுதச் சொல்லி அவள் வந்து நின்றாள். கன்னையன், தனி ஆள் பேருக்கு இடமில்லை அத்தை என்று சொல்லிவிட்டு, ஆண்டுதோறும் பலர் உயிரிழக்கின்றனர் என்று எழுதினார். அதற்கு அப்புறம் அவள் அந்தத் தெருவிலேயே நடக்கவில்லை.

கன்னையன் போய் நின்றபோது அவள் சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மனுவுல எம்மவன் பேருக்கு எடமில்லன்ன. இப்ப எம்மவன் பேரு இருக்க எடத்தயே கேக்குற."

கன்னையன், தப்புத்தான் அத்தை என்றார். அவள் புடைத்து முடித்துத் தூசியை ஊதிவிட்டுச் சொன்னாள்.

"பதிவேட்டுல அவன் பேர அடிச்சு எழுத விடமாட்டேன். அது அங்கனயே இருக்கட்டும். வேணும்னா உம்மாப்பிள்ளை எம்மவனா வரட்டும்."

என்ன சொல்கிறாள் என்று கன்னையனுக்கு உடனே விளங்கியது. ஜாபிதாவில் காசிமாயனை அடித்துச் சின்னமுத்து என்று எழுத வேண்டும், வயது முப்பதை அடித்து இருபத்திரண்டு என்று எழுத வேண்டும். கூலியை அடித்தபோது அன்னக்கொடிக்கு மண்வெட்டி மறந்தது. பேரையே அடித்தால் என்ன மறக்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மொக்கம்மாள் இலவங்காயை உடைத்துக் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அவரு இருப்பாருல்ல?" என்றாள்.

"இருப்பாரு ஆத்தா. ஒன்னைய அறியமாட்டாரு."

அவள் மடியில் இருந்த அத்தனை காயையும் உடைத்து முடித்தாள். பஞ்சு அவள் தலையெல்லாம் ஒட்டியிருந்தது. "இல்லாமப் போறதுக்கு அறியாம இருக்கது தேவல. எழுதுண்ணே" என்றாள். பிறகு, நாளை மத்தியானத்துக்கு மேல் எழுது என்றாள்.

மறுநாள் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். காசிமாயன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான், கை கழுவினான், அவள் வயிற்றில் ஈரக் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் யாரும் கூட்டிப்போக வேண்டியதில்லை என்று அவனே நடந்து போய் ஜக்கம்மாள் வாசலில் நின்றான். கன்னையன் நானூற்று எழுபத்தேழாம் வரியைச் சிவப்பு மசியால் அடித்து மேலே எழுதினார். வாசலில் நின்றவனின் முகம் அதே முகம்தான், வயது மட்டும் இறங்கியது. மீசை மெலிந்தது, பெருவிரல் தழும்பு மறைந்தது. "ஆத்தா, பசிக்குது" என்றான், இப்போதுதான் சாப்பிட்டவன். ஜக்கம்மாள் செத்துப்போன மகனின் முகம் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவில்லை. தட்டை எடுத்து வைத்தாள், காலில் வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவன் இல்லை என்றான்.

அதிகாரி ஐப்பசியில் வந்து, புளியமரத்தடியில் இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்துப் பேர் பேராகக் கூப்பிட்டார். எல்லாம் ஒத்துவந்தது. இவ்வளவு சுத்தமான ஜாபிதாவைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார்த்திகையில் வேலை தொடங்கியது. ஜீப்பில் கல்லும் சிமெண்டுக் குழாயும் வந்து இறங்கின, ஊர்க்காரர்கள் இந்தத் தடவை சொன்னபடி உடலுழைப்புக்கு வந்தார்கள். மார்கழி நடுவில் ரோடு ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் அரை மைல் வந்துவிட்டது.

அப்போதுதான் மொக்கம்மாளுக்கு, நாள் கொஞ்சம் முந்தியே, காலை வேளையில் வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை எடுத்துவிட்டாள். கொட்டத்திலிருந்து கட்டிலை எடுத்தார்கள். தூக்கிய நாலு பேரில் தலைமாட்டுப் பக்கம் சின்னமுத்து. ரோட்டு வேலைக்குக் கிளம்பியவனை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். மொக்கம்மாள் கண்ணைத் திறந்தபோது அந்த முகம் அவளுக்கு நேர் மேலே இருந்தது. ரோடு முடிகிற இடத்தில் கல் இறக்கிய ஜீப் நிற்பது தெரிந்ததும் அவன் குனிந்து, "செத்தப் பொறுத்துக்கங்க மதினி. ஜீப்பு நிக்கிது" என்றான். தன்னைவிட மூத்த மாமன் மகளை அப்படித்தான் கூப்பிட வேண்டும், அவனுக்கு ஜக்கம்மாள் முறை நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கட்டிலோடு ஓடிவந்த கன்னையன் அதைக் கேட்டு, மருதாயி செத்த அன்றுகூட அழாதவர், வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினார். வலி தாங்காத தங்கச்சிக்காக அழுகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஜீப் இருபது நிமிஷத்தில் போடி ஆஸ்பத்திரிக்குப் போனது. பெண் குழந்தை, இரண்டு உயிருக்கும் மோசமில்லை.

பிறப்பைப் பதியும்போது தகப்பன் கட்டத்தில் கன்னையன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். காசிமாயன் என்று எழுதினால் யார் வந்து நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளைக் கேட்டார். மொக்கம்மாள் நன்றாக யோசித்து, கோடு போட்டுவிடு என்றாள். கோடு போட்டார்.

1959 பங்குனியில் ரோடு ஊருக்குள் வந்தது. முதல் ஜீப்பைப் பார்க்க ஊர் திரண்டு நின்றபோது, மூன்று மாதக் குழந்தையோடு மொக்கம்மாளும் நின்றாள். குழந்தை சின்னமுத்துவைப் பார்த்துப் பொக்கைவாயைத் திறந்து கைகால் உதறியது. அவனுக்கு ஒரே சந்தோஷம், எங்கிட்ட வரும்போல மதினி என்று கையை நீட்டினான். தாயின் கொழுந்தன் முறைக்காரனைப் பிள்ளை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படியே சொல்லி, "சித்தப்பாகிட்டப் போ" என்று மொக்கம்மாள் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அவன் குழந்தையோடு ஜீப்பில் ஏறி முந்தல் வரை போய்த் திரும்பி வந்தான். அது திரும்புகிற வரை அவள் ரோட்டோரத்திலேயே நின்றாள். முறைப்படி அவள் சொன்னது சரிதான், ஊரில் ஒருத்தரும் வேறு மாதிரிச் சொல்லவில்லை. குழந்தை வளர்ந்து பேச ஆரம்பித்ததும் அப்படியே கூப்பிட்டது.